கூலி கேட்ட குழல்

ஹாமலின் நகரத்துக் குழலூதியின் கதையை அறியாதார் நம்மில் மிகச் சிலரே. எலிகளை ஒழித்த அக்கலைஞனுக்குப் பேசிய கூலியை ஊர்ப் பெரியோர் தர மறுத்தனர். அவனோ அவ்வூர்க் குழந்தைகளைத் தன் இசையாலேயே அழைத்துச் சென்றுவிட்டான். இக்கதையுலகை அமெரிக்க இசைப் படைப்பாளர் ஜான் கோரிலியானோ, புல்லாங்குழலுக்கும் பெரிய இசைக்குழுவுக்குமான கான்செர்ட்டோவாக்கினார். அதனை எழுதித் தருமாறு வேண்டியவர் குழற்கலைஞர் ஜேம்ஸ் கால்வே. 1982-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதல் வாசித்தவரும் அவரே.

கான்செர்ட்டோ என்பது தனிக்கருவியொன்று குழுவினரோடு வழக்காடி, முடிவில் அவர்களோடு ஒன்றுகூடும் இசைவடிவம் என்றே நான் எண்ணியிருந்தேன். இதில் அந்த ஒன்றுகூடல் நிகழவில்லை. ஒரே இசைக்குழுதான் முதலில் விடியலாகிறது. பின்பு கீச்சிடும் எலிக்கூட்டமாகிறது. அதன்பின் பகட்டாகப் பாடும் நகரப் பெரியோராகவும் ஆகிறது. எலிகளும் பெரியோரும் ஒரே வாத்தியங்களிலிருந்து பிறப்பதில் சிறிது குறும்பும் உண்டுபோலும்! கூலி மறுக்கப்பட்டதும் கலைஞர் சிறியதொரு தகரக் குழலைக் கையிலெடுக்கிறார். அவையோரிடையே இருந்து சிறுவர் சிறுமியர் குழல்களோடும் முரசுகளோடும் எழுந்து வந்து, அவர் பின்னே அணிவகுத்து அரங்கைவிட்டே வெளியேறுகின்றனர். மேடையில் எஞ்சிய இசைக்குழு துயரத்தில் ஆழ்கிறது.

இசைத்தட்டில் அந்த நடையைக் காண இயலாது. குழலோசை தேய்ந்து தேய்ந்து தொலைவாவதை மட்டுமே கேட்கலாம். என்னருகில் அமர்ந்து கேட்ட பேரன், "தாத்தா, காசு தராதது பெரியவங்கதானே? அப்புறம் ஏன் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறாரு?" என்றான். அக்குழந்தைகளின் அணிவகுப்பு இசையோ களிப்பு மிக்கது. எனக்கு அதுவே தாங்கவொண்ணாததாக இருந்தது. தந்தையர் பட்ட கடனைத் தாம் தீர்ப்பதறியாமல் அவர்கள் ஆடிச் செல்கிறார்கள். அவனுக்கு என்ன விடை சொல்வேன்?

இக்கதையில் எலிகள் புகுந்தது 16-ஆம் நூற்றாண்டில்தான் என்பர். அதற்கு முந்திய பழங்குறிப்பில் எலியுமில்லை, கூலியுமில்லை. 1284-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் 130 பிள்ளைகள் ஊரைவிட்டுப் போயினர் என்பது மட்டுமே உண்டு. ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டளவில் அந்நகர ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரமொன்றில் இந்நிகழ்ச்சி தீட்டப்பட்டிருந்ததாம். 17-ஆம் நூற்றாண்டில் அதுவும் அழிந்தது. எனினும் பிள்ளைகள் கடந்து சென்றதாகக் கூறப்படும் தெரு இன்றும் இருக்கிறது. முரசில்லாத் தெரு என்பது அதன் பெயர். அங்கே ஆடலும் இசையும் மரபுப்படி விலக்கப்பட்டவை. திருமண ஊர்வலமாயினும் அத்தெருவைக் கடக்கையில் வாத்தியத்தை நிறுத்திக்கொள்ளும் என்பது அவ்வூர் வழக்கு.