செவியும் கருவியும்

பட்டிப்பொலப் புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையில் 6,226 அடி என்ற உயரம் எழுதப்பட்டுள்ளது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அதுவே. ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் அங்கே இறங்கிக் குளிரைப் புகழ்ந்துவிட்டுப் போவர். அங்கேயே வாழ்வோர்க்குக் குளிரைவிடப் பெரிய துணை மழை. தகரக் கூரையின்மேல் விழும் மழையினுள் மனிதக் குரல் அமிழ்ந்துவிடும். அடுத்த காம்பராவிலிருந்து கூப்பிட்டால் கேளாது. பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடமும் இரண்டு முறை சொல்லவேண்டும். இத்தகைய ஓரிடத்தில் ஒருவன் விலையுயர்ந்த ஹெட்போன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முனைந்தான் என்றால், அது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கைப் பார்த்து எழுந்த ஆசை என்று எளிதில் நகைத்துவிடலாம். நகைத்தவர்களும் உளர்.

அவன் புறக்கோட்டைக் கடையொன்றில் இரண்டாண்டுகள் நின்றவன். மலையகத்திலிருந்து இறங்கிச் செல்லும் இளைஞருள் பெரும்பாலோர்க்கு வாய்க்கும் தொழில் அது. 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்து, வெளிநாட்டுப் பொருள்களின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியிருந்த வேளையில், நாட்டை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து பழைய ஹெட்போன் ஒன்றை அவன் விலைக்கு வாங்கினான். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் அறுபது நாட் சம்பளம் அதற்குப் போயிற்று. அந்தக் கணக்கை அவனுடைய தாயே விரல் மடக்கிச் சொன்னாள். இருபத்தெட்டாண்டுகள் கொழுந்து பறித்தவளுக்கு வேறு அளவுகோல் எதற்கு?

வாங்கியது நல்ல கருவிதான். பின்புறம் திறந்த வகையைச் சேர்ந்தது; தடங்கல் 300 ஓம். திறந்த வகைக்கு வழிகாட்டியது 1968ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச். டி. 414 என்பர். அதுவரை காதை மூடி அடைத்திருந்த கிண்ணங்களுக்குப் பதிலாக, காற்று உட்புகுந்து வெளியேறும் மெல்லிய பஞ்சுத் தட்டு வந்தது. ஒலி தலைக்குள் அடைபடாமல் சற்று வெளியே விரிந்து நிற்பது இவ்வகையின் சிறப்பு. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பில் வயலின்கள் ஒன்றையொன்று துரத்தி வருவதைக் கொழும்பில் ஒரு ஞாயிறன்று இக்கருவியினூடாகக் கேட்டபோதுதான் அவன் மனம் பறிபோயிற்று.

பட்டிப்பொலவுக்குக் கொண்டுவந்து கைத்தொலைபேசியில் செருகியபோது வயலின்கள் முணுமுணுத்தன. மழை அவற்றை மூடிற்று.

“இவ்வளவு காசு குடுத்து வாங்குன சாமான் ஏன் தம்பி வாயத் தொறக்க மாட்டேங்குது?” என்றாள் தாய்.

கேள்வி நியாயமானது, விடை கணிதத்தில் இருக்கிறது. ஒரு வோல்ற்று அழுத்தம் 300 ஓம் தடங்கலுக்குள் ஏறக்குறைய 3.3 மில்லிவாற்று வலுவை மட்டுமே செலுத்தும். அதே ஒரு வோல்ற்று 32 ஓம் தடங்கலுக்குள் 31 மில்லிவாற்றுவரை செலுத்தும். கைத்தொலைபேசிகள் பல அந்த ஒரு வோல்ற்றையும் முழுதாகத் தருவதில்லை. ஓம் எண்ணை மாத்திரம் பார்த்து முடிவுகட்டுவதும் பிழையே. ஒரு மில்லிவாற்றுக்கு எத்தனை தெசிபெல் ஒலிக்கும் என்ற உணர்திறனையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். விளம்பரத்தாள்களில் ‘இனிமை’, ‘இதம்’, ‘ஆழம்’ என்று அடுக்கப்படும் சொற்களைவிட இவ்விரு எண்களும் நேர்மையானவை. எனினும் அவை எழுத்துகளில் மிகச் சிறியனவாக அச்சாகின்றன!

கருவியையும் அதற்கு ஊட்டம் தரும் மூலத்தையும் பொருத்திப் பார்க்கும் கவலை புதியதன்று. 1924ஆம் ஆண்டில் எட்வேட் ஹார்ப்பர் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தி, 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிய காலத்தில், உலகெங்கும் எளிய மக்கள் கையாண்டது பளிங்கு வானொலிப் பெட்டி. அதற்கு மின்கலமில்லை, விரியலாக்கி இல்லை, வானில் வந்த அலையின் வலுவே காதில் ஒலியாயிற்று. அந்த நுண்ணிய வலுவை வீணாக்காதிருக்க 2,000 ஓமும் அதற்கு மேலும் தடங்கலுள்ள ஹெட்போன்களையே அணிந்தனர். குறைந்த தடங்கலுள்ளதைப் பூட்டினால் பெட்டி ஊமையாகிவிடும். மூலத்தின் இயல்பறிந்து கருவியைத் தேர்தல் என்ற விதியை இசைப்பிரியர்களுக்கு முன்பே ஏழை வானொலிக்காரர் அறிந்திருந்தனர் எனலாம்.

நுவரெலியாவில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் ஒருவர் தாம் கட்டிய வால்வு அம்பிளிபயர் ஒன்றை அவனுக்கு இரவல் கொடுத்தார். 300 ஓம் கருவி அதனோடு உயிர்பெற்றது. அப்போது அவனுக்கு வேறோர் ஐயம் எழ, நண்பனொருவனின் மூடிய வகை 32 ஓம் ஹெட்போனையும் அதிலேயே பூட்டினான். நாகஸ்வரக் கச்சேரி ஒன்றின் பதிவு ஓடிற்று. தவிலின் தொப்பிப் பக்கம் பானைக்குள் உருண்டதுபோல் வீங்கி ஒலித்தது. அந்த அம்பிளிபயரின் வெளியீட்டுத் தடங்கலே ஏறத்தாழ 100 ஓம் என்பது பின்னர்தான் தெரிந்தது. சுருளசைவு ஹெட்போன்கள் பலவற்றின் தடங்கல் தாழ்ந்த சுரங்களில் உயர்ந்து நிற்பது. மூலத்தின் தடங்கலும் பெரிதாயின், அவ்விடத்தில் மட்டும் அழுத்தத்தின் பெரும்பங்கு ஹெட்போனுக்கு வந்து, தாழ்ந்த ஒலி அளவுக்கு மீறிப் பொங்கும். ஹெட்போனின் தடங்கல், மூலத்தின் தடங்கலைப்போல் எட்டு மடங்கேனும் இருத்தல் நன்று என்று இத்துறையினர் கூறும் வழமை இதனாற் பிறந்தது. குற்றம் தவில்காரர் மேலுமில்லை, ஹெட்போன் மேலுமில்லை.

இதுவரை யாவும் எண்களால் தீர்ந்தன. தீராதது மழை. திறந்த வகை, மழையை அப்படியே உள்ளே விட்டது. அவன் ஒலியைக் கூட்டினான். மழை வலுக்க மேலும் கூட்டினான். 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் தாங்கலாம் எனத் தொழிற்சுகாதார நியமங்கள் கூறுகின்றன. அதற்குமேல் ஒவ்வொரு மூன்று தெசிபெல்லுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 94 தெசிபெல்லில் ஒரு மணிநேரமே எஞ்சும். இதனை அவன் வாசித்திருந்தான். ஆயினும் வாசித்ததை நம்பவைத்தவர் தந்தையே.

தந்தை நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோரில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தவர். கொழுந்து வாட்டும் விசிறிகள் இரவு முழுவதும் இரையும். விடியுமுன் ரோலர்கள் ஓடத் தொடங்கும். காதுக்குக் கவசம் என்ற பேச்சே அன்று எழவில்லை. ஓய்வுபெற்றபின் பட்டிப்பொலவில் கரட்டும் லீக்ஸும் பயிரிட்டார். பேசுவது கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை என்று அவர் சலித்துக்கொள்வதை வீட்டார் முதுமையின் பிடிவாதம் என்றே எண்ணியிருந்தனர்.

ஒரு மாலை அவருடைய தலையில் ஹெட்போனை மாட்டி, ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் நாகஸ்வர இசையை மகன் ஒலிக்கவிட்டான். 1968ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தில், திரையிலே சிவாஜி கணேசன் ஏந்திய நாகஸ்வரத்துக்குப் பின்னணியில் உயிரூட்டியவர்கள் மதுரைச் சகோதரர்களான சேதுராமனும் பொன்னுசாமியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்ட தந்தை சிறிது நேரத்தில் கையுயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“நாயனம் நல்லாத்தான் இருக்கு. ஜால்ரா எங்கடா? அந்தக் காலத்துல ரேடியோவுல கேட்டப்போ ஜால்ரா கணீர்னு இருந்துச்சே. நீ வாங்குனது ஓட்டச் சாமான்டா.”

அவன் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். ஜால்ரா கணீரென்றே ஒலித்துக்கொண்டிருந்தது.

இயந்திர இரைச்சல் செவியை அழிக்கும்போது எல்லாச் சுரங்களையும் ஒருசேர அழிப்பதில்லை. 3,000 ஹேட்சுக்கும் 6,000 ஹேட்சுக்கும் இடைப்பட்ட, சிறப்பாக 4,000 ஹேட்சு அளவிலான மீடிறன்களை உணரும் நுண்மயிர்க் கலங்களே முதலிற் சாகின்றன. மனிதச் செவியில் அவை மீண்டும் முளைப்பதில்லை. சகர தகர ஒலிகளின் கூர்மையும், ஜால்ராவின் கணீரென்ற ஓசையும் வாழுமிடம் பெரிதும் அதுவே. பழைய வானொலிப் பெட்டியில் குறைந்த தரத்தில் ஒலித்த ஜால்ரா அவருக்கு முழுமையாகக் கேட்டது. மகனின் இரண்டாண்டுச் சேமிப்பில் வந்த கருவியில் கேட்கவில்லை. ஸ்டோரின் இலாபநட்டக் கணக்கேடுகளில் இந்த ஜால்ரா எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருக்கும் என்று வினவத் தோன்றுகிறது.

மகன் தந்தைக்கு ஒன்றும் விளக்கவில்லை. திறந்த வகைக் கருவியை அடுத்த மாதமே விற்றுவிட்டான். மூடிய வகையில், 38 ஓம் தடங்கலும் நல்ல உணர்திறனும் கொண்ட, பெயர்பெறாத ஒன்றைத் தேடினான். கொழும்பில் அவன் ஏறிய கடையொன்றில் ஆங்கிலப் பாடலொன்றை ஒலிக்கவிட்டு, இதிலே அறியாததை எதிலே அறியப்போகிறாய் என்பதுபோற் பார்த்தனர். அவன் தன் கைத்தொலைபேசியிலிருந்த நாகஸ்வரத்தையே ஒலிக்கச்செய்து, ஒன்பது கருவிகளை மாற்றி மாற்றிக் கேட்டான். நாகஸ்வரத்தின் மேற்சுரங்கள் செவியைக் கீறாமலும், ஜால்ராவின் ஓசை மழுங்காமலும் இருப்பது எது என்பதே அவனுடைய தேர்வு. வால்வு அம்பிளிபயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைத்தொலைபேசியிற் செருகும் சிறு மாற்றியொன்றை வாங்கினான்; அதன் வெளியீட்டுத் தடங்கல் ஓர் ஓமுக்கும் குறைவு. ஹவ் டு நேம் இட்டின் வயலின்கள் இதில் முன்போல விரியவில்லை. அந்த இழப்பை அவன் அறிந்தே ஏற்றான்.

4,000 ஹேட்சுப் பகுதியைச் சிறிதளவே உயர்த்தினான். மிகவும் உயர்த்தினால் எஞ்சியிருக்கும் கலங்களையும் அது பலிகொள்ளும் என்று அஞ்சினான். கண்டியில் செவிப் பரிசோதனைக்கு அழைத்துப் போகவும் நாள் குறித்தான். கரட் கிளறி முடியட்டும் என்று தந்தை அதை இரண்டு முறை தள்ளிப்போட்டார்.

புதிய கருவியை அணிந்த இரவில் மழை கூரையை அறைந்துகொண்டிருந்தது. தந்தை நெடுநேரம் அசையாதிருந்தார். அவருடைய வலக்கை முழங்காலில் தாளம் போட்டது. ஜால்ரா விழவேண்டிய இடங்களில் அக்கை பிசகாமல் விழுந்தது. அது கேட்டு விழுந்ததா, நினைவில் விழுந்ததா என்பதை அருகிலிருந்த மகனால் அறியமுடியவில்லை; அவன் கேட்கவுமில்லை. இசை முடிவதற்குள் தந்தை ஒரு பக்கத்துக் கிண்ணத்தை மட்டும் சற்றே விலக்கி, மனைவியைப் பார்த்துக் கேட்டார்:

“என்னா, மழ விட்டுருச்சுன்னுல்ல நெனச்சேன்?”