சுரங்கப் பாதையில் ஒரு ஞாயிறு நினைவு

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் பணியாற்றும் குருத்துவ நண்பர் ஒருவர், விருந்தினனாய்ச் சென்றிருந்த என்னைச் சான் ஹுவான் மலைகளுக்கு அழைத்துச் சென்றார். 9,300 அடி உயரத்திலுள்ள சில்வர்ட்டன் என்னும் சிற்றூரிலிருந்து ஜீப்பில் புறப்பட்டோம்.

பொன்னும் வெள்ளியும் தேடி வந்தோர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் கோவேறு கழுதைகளுக்கும் தாது வண்டிகளுக்குமென வெட்டிய பாதைகளே இன்று ஜீப்புகளின் பாதைகள். தாரும் இல்லை, தடுப்புச் சுவரும் இல்லை. யுரேகாவைக் கடந்ததும் ஒருபுறம் செங்குத்தான பாறை; மறுபுறம் கிடுகிடு பள்ளம். எதிரே ஒரு வண்டி இறங்கி வந்தது. என் கை தானாகவே செபமாலையைத் தேடிற்று. நண்பரோ, "ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும், இது மலைப்பாதையின் ஒழுங்கு" என்றார். அவ்வாறே அவ்வண்டி பின்னோக்கி நகர்ந்து, அகன்ற இடத்தில் ஒதுங்கிற்று.

11,200 அடி உயரத்தில் அனிமாஸ் ஃபோர்க்ஸ். ஒருகாலத்தில் சுரங்கத் தொழிலாளர் நிறைந்திருந்த ஊர். இன்று ஆளற்ற மரவீடுகளில் காற்று மட்டுமே குடியிருக்கிறது.

திரும்புகையில் இறக்கம். பிரேக்கை நம்பாமல், முதல் கியரிலேயே வண்டியை மெல்ல இறக்கினார் நண்பர். யுரேகாவில் நிறுத்தி, மேலே ஒரு பள்ளத்தாக்கைக் காட்டினார். அங்கே எம்மா ஏரி இருந்தது. அதன் அடியில் சன்னிசைடு சுரங்கம். 1978 ஜூன் 4-ஆம் நாள் ஏரியின் அடித்தளம் உடைந்தது. வெள்ளமும் சேறும் சுரங்கத்தினுள் பாய்ந்து, இயந்திரங்களைப் புரட்டி, மலையின் வேறொரு வாயில் வழியே வெளியேறின. உள்ளே ஒருவரும் இல்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

சில்வர்ட்டனுக்கு மேலே, 1959-இல் கத்தோலிக்க மக்கள் நிறுவிய 'சுரங்கங்களின் கிறிஸ்து' என்னும் வெண்பளிங்குச் சுரூபம் நிற்கிறது. ஆண்டவரே காத்தார் என்பது ஊராரில் பலருடைய நம்பிக்கை.

அதன் அடியில் முழந்தாளிட்டேன். பனிச்சரிவிலும் வெடிவிபத்திலும் இம்மலைகளில் மாண்டவர்களும் அவருடைய பிள்ளைகளே; ஆதலால் புதுமை என்று அறுதியிட்டுரைக்க எனக்குத் துணிவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: ஓய்வுநாள் அவர்களை வீட்டில் வைத்திருந்தது, அதனால் அவர்கள் பிழைத்தார்கள்.

ஞாயிறன்று வேலைக்குச் செல்லும் ஏழைகளை நான் பிரசங்க மேடையிலிருந்து பலமுறை கடிந்ததுண்டு. அவர்களை அன்றும் வேலைக்கு அழைக்கிற முதலாளியிடம் ஒருமுறையேனும் பேசியதில்லை. மலைப்பாதையில் இறங்கி வருகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிடுகிறான். ஊர் திரும்பியதும் நான் முதலில் தட்டவேண்டிய கதவு எதுவென்று அன்று உணர்ந்தேன்.