உழைப்பும் படிப்பும்

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைக் கடந்து சென்றால் செம்பரம்பாக்கம் என்னும் ஊர் வரும். அவ்வூரின் ஏரி 24 அடி ஆழம் உடையது. 3,645 மில்லியன் கன அடி நீரைக் கொள்ள வல்லது. பண்டு அருகிலிருந்த கழனிகளுக்குப் பாய்ந்த அந்நீர், இன்று சென்னை மாநகரத்து வீடுகளுக்குக் குடிநீராகச் செல்கின்றது. ஏரிக்கரைக்கு எல்லாரும் வந்து குடியேறுதல் இயலாது. ஆதலின், நீரே மக்களை நாடிச் செல்ல வழி வகுத்தனர். கல்விக்கும் அத்தகைய வழி ஒன்று உண்டு. அதனைத் தொலைநிலைக் கல்வி என்பர்.

கல்லூரிக்குச் செல்ல இயலாதவரும் பட்டம் பெறலாம் என்னும் எண்ணம் புதியதன்று. தன் கல்லூரிகளிற் பயிலாதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெற, இலண்டன் பல்கலைக்கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே வழி செய்தது. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அம்முறையை மேற்கொண்டன. இதற்கெனவே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் தோன்றின.

மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய அதே 1971-ஆம் ஆண்டில், அதன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் மு. வரதராசனார் ஆவார். அவர் இளமையில் திருப்பத்தூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். கல்லூரியிற் சேராமல் தாமே பயின்று, 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறினார். 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலாவோ, சிறையிலிருந்தவாறே அஞ்சல்வழிப் பயின்று, 1989-இல் சட்டப் பட்டம் பெற்றார். கற்கும் உள்ளம் உடையார்க்குச் சிறைச்சுவரும் தடையாவதில்லை.

செம்பரம்பாக்கத்தை அடுத்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞன் அங்கு வேலைக்கு வந்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவன் அவன். தமிழ் இலக்கியம் பயில விரும்பியவன். தந்தையாரின் கடனும், தங்கையின் படிப்பும் அவனைத் தொழிற்சாலைக்கு அனுப்பின. செம்பரம்பாக்கத்தில் நண்பர் அறுவருடன் ஓர் அறையில் தங்கினான். ஒரு வாரம் பகல் வேலை. மறு வாரம் இரவு வேலை. ஊதியத்திற் பெரும்பகுதியை மாதந்தோறும் ஊருக்கு அனுப்பினான்.

ஓராண்டு கழிந்தபின், தொலைநிலைக் கல்வியில் தமிழ் இளங்கலை வகுப்பிற் சேர்ந்தான். பாடநூல்கள் வந்தன. அவற்றைத் தன் இடத்திலிருந்தே கற்றல் வேண்டும். ஒப்படைவு எனப்படும் வினாக்களுக்கு விடை எழுதித் தருதல் வேண்டும். விடுமுறை நாள்களில் நேர்முக வகுப்புக்குச் செல்லலாம். ஆண்டிறுதியில் தேர்வு மையத்திற்குச் சென்று தேர்வெழுதல் வேண்டும். முறை எளியதாகவே தோன்றிற்று. ஆயின், இரவெல்லாம் இயந்திரத்தின் முன் நின்று விடியற்காலையில் திரும்புபவனுக்கு, நூலைத் திறந்தவுடன் உறக்கம் வந்தது. ‘ஏன் படிக்கவில்லை?’ என்று கேட்க ஆசிரியர் அங்கில்லை. வகுப்பு மணியும் இல்லை.

யாப்பிலக்கண ஒப்படைவுக்குரிய நாள் நெருங்கியது. ‘எழுதி முடித்த விடைகள் விலைக்குக் கிடைக்கும், அவற்றைப் பார்த்து எழுதிவிடு. எல்லாரும் செய்வதுதானே!’ என்றான் நண்பன் ஒருவன். இளைஞனும் அவ்வாறே செய்தான்; நல்ல மதிப்பெண்ணும் பெற்றான். தேர்வு நாள் வந்தது. வினாத்தாளில் ஒரு வெண்பாவைக் கொடுத்து, அலகிட்டு வாய்பாடு கூறுமாறு கேட்டிருந்தனர். பார்த்து எழுதிய விடை கையில் மட்டுமே தங்கியிருந்தது, நெஞ்சிற் புகவில்லை. அத்தாளில் அவன் தேறவில்லை.

‘உழைப்பவனுக்குப் படிப்பு எதற்கு? விட்டுவிடலாமா?’ என்று சில நாள் மனம் சோர்ந்தான். பின்னர், தான் பிறரை ஏமாற்றியதாக எண்ணித் தன்னையே ஏமாற்றிக்கொண்டதை உணர்ந்தான். யாப்பிலக்கணத்தை முதலிலிருந்து கற்கத் தொடங்கினான். தொழிற்சாலைப் பேருந்தே அவனுக்குப் பள்ளியாயிற்று. சாலையோரப் பெயர்ப்பலகைகளைக் கண்டு, அவற்றை அசை பிரித்தான். ‘ஒர–கடம்’: நிரை நிரை, கருவிளம். ‘பூந்–தமல்–லி’: நேர் நிரை நேர், கூவிளங்காய். ‘திருப்–பெரும்–புதூர்’: நிரை நிரை நிரை, கருவிளங்கனி. நாள்தோறும் கண்ட ஊர்ப்பெயர்கள் இலக்கணம் கற்பித்தன. அருகிலிருந்தோர் முதலில் நகைத்தனர். பின்னர்த் தம் ஊர்ப்பெயருக்கும் வாய்பாடு கேட்டனர்.

அடுத்த முறை அத்தாளில் அவன் நன்கு தேறினான். மூன்றாண்டுப் படிப்பை முடிக்க நான்காண்டு ஆயிற்று. பட்டம் பெற்றவுடன் ஊதியம் உயர்ந்துவிடவில்லை. எனினும், பட்டதாரிகளுக்குரிய அரசுத் தேர்வுகளை எழுதும் தகுதி அவனுக்கு வாய்த்தது. தங்கை தன் பாடத்தில் எழுந்த ஐயங்களை அண்ணனிடம் கேட்கலானாள். அறை நண்பருள் இருவர் தாமும் படிப்பிற் சேர்ந்தனர். விடைகளை விலைக்கு வாங்கச் சொன்ன நண்பன் அவ்விருவருள் ஒருவன். ‘ஒப்படைவை நீயே எழுது’ என்பதே இளைஞன் அவனுக்குக் கூறிய முதல் அறிவுரை.

இவ்வழியிற் செல்ல விரும்புவோர் சிலவற்றை அறிந்துகொள்ளல் வேண்டும். மருத்துவம், செவிலியம், பொறியியல், சட்டம் போன்ற பட்டங்களை நம் நாட்டில் தொலைநிலையிற் பெற இயலாது. சேரும் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா என்று முன்னரே ஆராய்தல் வேண்டும். ஏற்புடைய பட்டம் கல்லூரிப் பட்டத்திற்கு நிகரானது என 2022-இல் அக்குழு அறிவித்துள்ளது. தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாகத் தேறியபின் பெற்ற பட்டமே ஏற்கப்படும். ஆதலின், பள்ளிப் படிப்பை இடையில் விடுதல் தகாது.

ஏரியின் நீர் எத்துணைத் தொலைவு வந்தாலும், குடத்தை ஏந்துபவனே அதனைப் பெறுவான். ஆசிரியர் அருகிருக்கக் கற்கும் பேறு இன்று மாணவர்களுக்கு வாய்த்துள்ளது. ஐயம் எழுந்தபோதே கேட்டுத் தெளியவும், தாமே எழுதிப் பழகவும் இப்பொழுதே கற்றுக்கொள்வாராயின், நாளை வறுமையோ வேலையோ அவர்களைக் கல்லூரிக்குத் தொலைவில் நிறுத்தினும், கல்விக்குத் தொலைவில் நிறுத்த மாட்டா.