காரையாற்றில் ஆடி அமாவாசை

மாஞ்சோலைக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் வண்டி நம்பரை எழுதும்போதே சொல்லிவிடுவார்கள். காக்காச்சிப் பக்கம் ஓர் ஓடையைப் பார்த்ததும் என் மகன், "இங்ஙனயே டென்ட் போட்டுப் படுப்போமாப்பா?" என்று ஆரம்பித்தான். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் சாதாரண நாளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. "ஆடி அமாவாசைக்குக் காரையாறு போவோம்லா, அங்க படுத்துக்கோ" என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் குடும்பத்தோடு காட்டில் தங்குவது என்றால் அதுதான். பாபநாசத்துக்கு மேலே, சொரிமுத்து அய்யனார் கோயிலைச் சுற்றி தாமிரபரணி ஆற்றங்கரை முழுக்கக் குடில்கள். மாஞ்சோலையும் இதுவும் ஒரே சிங்கம்பட்டி ஜமீன் காடாக இருந்தவை. 2020இல் காலமான ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, ஆடி அமாவாசையன்று ராஜ உடையில் இங்கே தர்பார் நடத்துவார். ஆச்சி அய்யனாரைக் கும்பிட்ட கையோடு அவரையும் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

அந்தக் காலத்தில் அரிசி மூட்டை, ஆடு, கோழி, அண்டா சகிதம் வந்து நாள்கணக்கில் கிடப்பார்கள். இப்போது வனத்துறை நாட்களைச் சுருக்கிவிட்டது. வண்டியை அகஸ்தியர்பட்டியில் போட்டுவிட்டு அரசு பஸ் ஏற வேண்டும். பையைத் துழாவி பிளாஸ்டிக்கைப் பிடுங்குகிறார்கள். சித்தப்பாவுக்கு இதில் ஏகக் கோபம். எனக்கு இல்லை. கூட்டம் கலைந்த மறுநாள் அந்தக் கரையைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வராது.

மூங்கில் நட்டு, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, மூன்று கல் கூட்டினால் வீடு. சாரலில் விறகு நனைந்து புகைந்தது. குரங்குக்குப் பயந்து தேங்காயைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டோம். மகனுக்குப் பிடித்தது மணி விழுங்கி மரம். நேர்ந்துகொண்டவர்கள் கட்டிய மணியைச் சுற்றிப் பட்டை வளர்ந்து, மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாதி விழுங்கிய மணி ஒன்றின் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தான். எனக்கு எப்போதும் பட்டவராயன் சன்னதிதான். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவுக்காகச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, மாடு காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவர். அவருக்குக் காணிக்கையே தோல் செருப்பு. கட்டிய செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்திருக்கும், ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு அவர் நடக்கிறார் என்பார்கள்.

பக்கத்துக் குடிலில், மாஞ்சோலை மலையின் நாலுமுக்கு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளிய ஓர் அம்மா. 1929இல் ஜமீன் அந்த மலையில் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. அது 2028இல் முடிகிறது. 2024இலேயே விருப்ப ஓய்வு என்று சொல்லி, தொழிலாளர்களை லயன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நமக்குச் சில ராத்திரி, அவர்களுக்கு நாலு தலைமுறை. ஆனாலும் இந்தக் காட்டில் எல்லோரும் குடில்காரர்கள்தான் போலிருக்கிறது. வித்தியாசம், நமக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று இந்த மலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்த, இதே தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அந்த அம்மா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மழையைப் பற்றித்தான் பேசினார். "இது ஒரு மழையாய்யா? நாலுமுக்குல பெய்யும் பாருங்க, அடுப்படி வரைக்கும் அட்டை வந்துரும்." அம்மா டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இப்படிப் போட்டுக் கொதிக்க விட்டா எலைல என்னம்மா இருக்கும்? தள்ளுங்க" என்று எங்கள் அடுப்பில் வேறு தண்ணீர் வைத்தார்.