வீடு பார்க்க வருகிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் டீச்சரம்மா. தரகர் கேட்டது மாலை ஐந்து மணி. அது ராகு காலம். பார்க்க வருகிறவர்களின் மனசு வீட்டில் நிற்காது. தவிர, கிழக்குப் பார்த்த கூடத்துக்குள் வெயில் நன்றாக விழுவது காலையில்தான். மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் என்னையும் கீழே வரச் சொன்னார். "தெரியாதவங்க வர்றாங்க, நான் ஒத்த ஆளு. நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும். எதுவும் பேச வேண்டாம்." கூடத்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் ஏரிக்கு அருகே, டீச்சரம்மா தன் கணவரோடு சேர்ந்து கட்டிய வீடு இது. அவர் காலமாகிவிட்டார். வீட்டை விற்றுவிட்டு மகளோடு கோவையில் இருக்கப் போகிறார் டீச்சரம்மா.

விடிந்ததும் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பியாயிற்று. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. நேற்றிரவே பாஸ்புக்கும் மருந்துச் சீட்டும் கரண்ட் பில்லும் மேசையை விட்டு பீரோவுக்குள் போய்விட்டன, சாவி இடுப்பில். பின்னறைச் சுவரில் ஓதம் ஏறிய இடத்துக்குப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று தரகர் போன வாரம் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். "ஒரு சுவர் மட்டும் புதுசா இருந்தா, எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?" என்று அந்த ஆளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார் டீச்சரம்மா.

தரகர் முன்னால் வருகிறார். பின்னால் ஓர் இளம் தம்பதி, கணவனின் தாயார், ஆறேழு வயதுப் பையன். டீச்சரம்மா வாசல்வரை போய் "வாங்க, வாங்க" என்கிறார், ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தருகிறார். பிறகு, "முதல்ல நீங்களா ஒரு சுத்து பாத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். தரகரையும் கையமர்த்தி உட்கார வைக்கிறார்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு கதவு இழுத்துச் சாத்தப்படுகிறது. "பீரோவை இங்க வெச்சா ஜன்னல் மறைக்குமே" என்கிறாள் அந்தப் பெண். "அம்மாவுக்கு இந்த ரூம். பாத்ரூம் பக்கம்" என்கிறான் கணவன். வீட்டுக்காரர் கூடவே நடந்து ஒவ்வொரு டைல்ஸின் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. யாரும் கேட்கவில்லை என்ற தைரியம் வந்த பிறகுதான் மனிதர்கள் ஒரு வீட்டுக்குள் மனசளவில் குடியேறிப் பார்க்கிறார்கள். டீச்சரம்மா அதற்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார்.

தாயார் கைப்பேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வருகிறார். சம்ப் ஈசானிய மூலையில், அடுப்பு அக்னி மூலையில். முகம் கொஞ்சம் இளகுகிறது. பையன் ஊஞ்சலைக் கண்டதும் ஏறிவிட்டான். "ஆடு கண்ணு, ஆடு" என்ற டீச்சரம்மா, அவன் தகப்பனைப் பார்த்து இப்போதே சொல்லிவிடுகிறார்: "தம்பி, ஊஞ்சல் என்னோட வந்துரும், எங்க அப்பா குடுத்தது. கொக்கி அப்படியே இருக்கும். மோட்டாரும் ஃபேனும் உங்களுக்கு. இன்வெர்ட்டர் நான் எடுத்துக்குவேன்."

அவன் தலையாட்டுகிறான். கேட்க நினைத்து வந்த கேள்வி அவன் வாயில் நிற்பது தெரிகிறது. "அம்மா, 2015 வெள்ளத்துல..."

"வந்துச்சு தம்பி" என்று எழுந்துகொள்கிறார். சுவரருகே போய், முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டுகிறார். "இது வரைக்கும். ரெண்டு நாள் நின்னுச்சு. சம்புக்குள்ள சாக்கடைத் தண்ணி போயிருச்சு. அதுக்கப்புறம்தான் சம்ப் வாயை ஒசத்திக் கட்டி, பிளக் பாயின்ட்டெல்லாம் மேல ஏத்தினோம். 2023 டிசம்பர் புயலப்போ ரெண்டாவது படி வரைக்கும் வந்துச்சு, உள்ள வரல. பின்னறைச் சுவத்துல ஓதம் இருக்கு, வாங்க காட்டறேன்."

தரகர் நாற்காலியில் நெளிகிறார்.

நம் நாட்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லி வைத்திருக்கிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத பெருங்குறை சொத்தில் இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதை வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது அதன் 55ஆவது பிரிவு. எதிரே நிற்கும் இந்த இளைஞன் இருபது வருஷச் சம்பளத்தை வங்கிக்கு எழுதிக் கொடுத்து வாங்கப்போகிறான். விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அவ்வளவையும் கொட்டப்போகிறவனுக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஓதச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த பெண் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். "அம்மா, நாங்க கவிச்சி சமைப்போம். உங்களுக்கு ஒண்ணும்..."

"வாடகைக்கா விடறேன்? விக்கறேன்மா. உங்க வீடு, உங்க அடுப்பு. பூஜை ரூமும் அப்படித்தான். சாமி ரூமா வெச்சாலும் சரி, சாமான் ரூமா வெச்சாலும் சரி." அவள் முகத்தில் அத்தனை நேரம் இருந்த இறுக்கம் போய்விட்டது. யார், எந்த ஊர், என்ன ஆளுங்க என்று டீச்சரம்மா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பதை அவளும் கவனித்திருக்க வேண்டும்.

தரகருக்குப் பொறுக்கவில்லை. "சார், மெட்ரோ வருது, ரேட் எகிறிடும். இன்னும் ரெண்டு பார்ட்டி கேட்டுட்டு இருக்காங்க. இன்னிக்கே ஒரு டோக்கன் போட்ருங்க."

"மெட்ரோ வேலை நடக்குது, நிஜம்தான். எப்ப ஓடும்னு என்னால சொல்ல முடியாது. இப்போதைக்கு வேற யாரும் கேக்கல தம்பி" என்கிறார் டீச்சரம்மா. குரலில் கோபம் இல்லை. "விலையை இங்க நின்னுட்டுப் பேச வேண்டாம். வீட்டுக்குப் போய் எல்லாரும் கலந்து பேசுங்க. அட்வான்ஸ்னாலும் ரொக்கமா வாங்க மாட்டேன், பேங்க் மூலமாத்தான்." அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்திருக்கிறது. தெரிந்துதான் சொல்கிறார்.

ஓர் உறையை நீட்டுகிறார். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகியவற்றின் ஜெராக்ஸ். ஒவ்வொரு தாளிலும் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறது. அசல் எதுவும் வெளியே வரவில்லை. "வக்கீல்கிட்ட காட்டுங்க. அடுத்த தடவை மழை பெய்யற அன்னிக்கு வாங்க. தெருவுல தண்ணி எங்க நிக்குது, எவ்வளவு நேரத்துல வடியுதுன்னு உங்க கண்ணால பாத்துடலாம்."

அவர்கள் போன பிறகு தரகர் குறைபட்டுக்கொள்கிறார். "இப்படி எல்லாத்தையும் சொன்னா வீடு எப்படிம்மா போகும்?"

"தெரிஞ்சு வாங்கறவங்ககிட்ட போகட்டும். நாளைக்கு ஒரு மழைக்கு அந்தப் பொண்ணு குழந்தையைத் தூக்கிட்டு மாடிக்கு ஓடறப்போ, என்னை நெனச்சு வயிறெரியக் கூடாது."

பேசிக்கொண்டே நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறார். தேதி, வந்தவர் பெயர், கைப்பேசி எண். அதன் கீழே: 2015 தண்ணீர் சொல்லியாச்சு. 2023 சொல்லியாச்சு. ஓதம் காட்டியாச்சு. ஊஞ்சல், இன்வெர்ட்டர் சொல்லியாச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் வரக்கூடும். அவரிடமும் ஒன்று விடாமல் இதையே சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறாராம்.