ஒரு பட்டனும் மூணு அழுத்தும்

சொன்னா சிரிப்பீங்க மக்களே. பவர் பிஐ ரிப்போர்ட்ல ஒரு பவர் ஆட்டோமேட் பட்டன் வெச்சு, பாக்கிக்காரங்களுக்கு நினைவூட்டல் மெயில் போற மாதிரி செஞ்சு கொடுத்தேன். ஃபில்டர்ல நிக்கற வரிகள் மட்டும்தான் பின்னாடி ஓடற ஃப்ளோவுக்குப் போகும்.

மேனேஜர் ஃபில்டரே போடாம அழுத்திட்டார். மெயில் போச்சா இல்லையான்னு தெரியாம இன்னும் ரெண்டு தடவை. பணம் கட்டி முடிச்சவங்களுக்கும் மும்மூணு மெயில்!

திட்டு எனக்கு (நியாயம்தான்). சார்ட் பாக்கற இடத்துல விரல் பயமில்லாம அலையும். எதைத் தொட்டாலும் பழையபடி மாத்திக்கலாம்ல? போன மெயிலை எப்படித் திருப்பறது?

இப்ப ஃப்ளோ முதல்ல பாக்கி இருக்கான்னு பாக்கும். அப்புறம், இந்த பில்லுக்கு இன்னிக்கு ஏற்கனவே மெயில் போயாச்சான்னு பாக்கும்.

நேத்து மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, இதை அழுத்தலாமா?"