இரண்டாம் அம்பு

கியோட்டோ. மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. வில் பழகும் கூடத்துக்கு மூன்று பக்கம்தான் சுவர். நாலாவது பக்கம் திறந்தே கிடக்கிறது. அங்கே நனைந்த புல்தரை, அதைத் தாண்டி 28 மீட்டர் தள்ளி, சிறு கூரையின் கீழ் மணல் மேடு. அதில் சாய்த்துவைத்த காகித வட்டங்கள்தான் குறி. குறுக்களவு 36 சென்டிமீட்டர். சுவரோரமாக மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. பேசத் தோன்றவில்லை.

எய்யப்போகும் அம்மாளுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். வலக்கையில் மான்தோல் உறையை மாட்டி, அதன் வாரை மணிக்கட்டில் சுற்றுகிறார். உறையின் கட்டைவிரல் மட்டும் மரம்போல் விறைத்திருக்கிறது. நாண் தங்குவது அதன் அடியில்தான். பிசின் பொடியைத் தொட்டு விரல்களைத் தேய்க்கிறார். கிறீச், கிறீச். கூடத்தில் கேட்கிற ஒரே சத்தம் அது.

வில் அவரைவிட உயரம், ஏழடிக்கும் மேல். மூங்கிலையும் மரத்தையும் பட்டை பட்டையாக ஒட்டிச் செய்தது. பிடி நடுவில் இல்லை. கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. அம்புகள் இரண்டு. பறவையின் ஒரு பக்கத்து இறகு ஒன்றுக்கு, மறு பக்கத்து இறகு மற்றதற்கு. அதனால் பறக்கும்போது ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுழலும். ஹயா, ஒதொயா என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு.

கால்களை அகட்டி ஊன்றுகிறார். உடலை நிமிர்த்துகிறார். வில்லைத் தலைக்கு மேல் தூக்கி, இரு கைகளையும் விரித்துக்கொண்டே இறக்குகிறார். அம்பு வாயளவுக்கு வந்து கன்னத்தைத் தொட்டு நிற்கிறது. அவரும் நிற்கிறார். இழுத்துப் பிடித்த அந்த நிலைக்குப் பெயர் 'காய்'. புறங்கை நரம்புகள் புடைத்திருக்கின்றன. முகத்தில் மட்டும் இழுப்பின் பாரம் ஏறவில்லை. எத்தனை ஆண்டு உழைப்பு அந்த முகத்தில்!

நாண் ஒலித்தது. என் கண் அம்போடு ஓடியது. காகிதம் கிழிந்து, பறை தட்டினாற்போல் 'டம்' என்றது. பட்டது, பட்டது என்று உள்ளுக்குள் துள்ளினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வில்லைத் தாழ்த்திவிட்டார்.

பார்க்க வேண்டியதை நான் தவறவிட்டுவிட்டேன்.

அம்பு எங்கே போனது என்று எண்ணும் பழக்கம் பழையதுதான். இதே ஊரில் சஞ்சூசங்கெந்தோ கோயில் இருக்கிறது. அதன் திண்ணையின் நீளம் சுமார் 120 மீட்டர். 1686இல் வசா தைஹாச்சிரோ என்ற இளைஞர் அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் எய்த அம்புகள் 13,053. தாழ்வாரத்தில் எங்கும் இடிக்காமல் மறுகோடியைத் தாண்டியவை 8,133. மலைக்கவைக்கும் கணக்குதான். ஆனால் 1543இல் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த துப்பாக்கி, வில்லை எப்போதோ போர்க்களத்திலிருந்து வெளியே தள்ளியிருந்தது. ஒரு காலத்தில் சாமுராய் வாழ்க்கையையே 'வில்லும் குதிரையும் கொண்ட வழி' என்பார்கள். கொல்ல உதவாமல் போன பிறகும் அந்த வில்லை ஜப்பானியர் கீழே வைக்கவில்லை. மெய்ஜி காலத்தில் சாமுராய் முறையே ஒழிந்த பிறகு, ஹோண்டா தொஷிசானே தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வில் கற்றுக்கொடுத்தார். 'கியூஜுத்சு' என்ற பெயரும் பிறகு 'கியூதோ' ஆனது. 'ஜுத்சு' என்றால் வித்தை, 'தோ' என்றால் வழி. வித்தைக்கு எதிரி வேண்டும். வழிக்கு நடக்கிறவர் இருந்தால் போதும்.

ஜெர்மானியரான ஹெரிகல் வில்லையும் ஜென்னையும் இணைத்து 1948இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, வெளிநாட்டார் பலர் இதை ஜென் என்றே நினைக்கிறார்கள். இந்தக் கூடத்தில் அந்தச் சொல் என் காதில் விழவில்லை. நான் பார்ப்பது உடம்பு: பாதம், இடுப்பு, தோள், மூச்சு.

இரண்டாம் அம்பைத் தொடுக்கிறார். இந்தமுறை குறியின் பக்கம் திரும்புவதில்லை என்று முடிவுசெய்தேன்.

நாண் விடுபட்டது. இடக்கைக்குள் வில் தானே சுழன்று, நாண் முன்கையின் வெளிப்புறம் போய் நின்றது. இரு கைகளும் தோள் உயரத்தில் முழுக்க விரிந்திருந்தன. அம்பு போய்விட்டது, அவர் போகவில்லை. கண் குறியிலேயே, மூச்சு மெல்ல இறங்க, அப்படியே நின்றார். 'சன்ஷின்' என்பார்கள், எஞ்சி நிற்கும் மனம். எய்தலின் எட்டுப் படிகளில் அதுவே கடைசி. அந்த நிலையில் முதுமை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தூரத்தில் மணலில் ஏதோ புதையும் மெல்லிய சத்தம். விழுந்தது காகிதத்தில் இல்லை. விரிந்த கைகளில் ஒரு சிறு அசைவும் இல்லை. பிறகுதான் கைகள் இடுப்புக்கு இறங்கின.

வரிசையில் இருந்த எல்லோரும் எய்து முடித்ததும் ஓர் இளைஞர் கைதட்டி அறிவித்துவிட்டு, அம்புகளைப் பிடுங்கிவர மணல் மேட்டுக்குப் போனார். அந்த அம்மாள் ஈரத்துணியோடு காத்திருந்தார். தம் அம்புகள் இரண்டும் கைக்கு வந்ததும் முனையில் ஒட்டிய மணலைத் துடைத்தார். முதலில் ஹயா, பிறகு ஒதொயா. துடைத்த முனைகளை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.